செலவுச் சீட்டிலிருந்து கடைசிக் கைவரை: ஒரு பொதுச் சேவையைத் தணிக்கை செய்வதற்கான முழுமையான வழிகாட்டி

அரசு மருத்துவமனை ஒன்றுக்கு மருந்து வாங்க நிதி ஒதுக்கப்படுகிறது, ஒப்பந்தப்புள்ளி கோரப்படுகிறது, தகுதியுள்ளவர்களில் குறைந்த விலை கேட்டவருக்கு ஆணை போகிறது, சரக்கு வந்து சேர்ந்ததாகக் கிடங்குக் காப்பாளர் கையொப்பமிடுகிறார், பணம் பட்டுவாடா ஆகிறது. ஒவ்வொரு தாளும் அதனதன் இடத்தில் ஒழுங்காக இருக்கிறது. ஆனால் அதே மருத்துவமனையின் மருந்து வழங்கும் சாளரத்தின் முன் வரிசையில் நின்ற நோயாளி, "இருப்பு இல்லை, வெளியில் வாங்கிக்கொள்ளுங்கள்" என்ற பதிலோடு திரும்பிப் போகிறார். அந்தக் கணக்குக்கும் இந்த நோயாளிக்கும் நடுவே என்ன நடந்தது என்பதைக் கண்டறிந்து, மறுக்க முடியாத சான்றோடு மக்கள் முன் வைப்பதே சுதந்திரமான தணிக்கையின் வேலை. பணம் கருவூலத்தை விட்டு முறைப்படி வெளியேறியதா என்று பார்த்துவிட்டு நிறுத்திக்கொள்ளும் தணிக்கை, அந்த வேலையில் பாதியைத்தான் செய்கிறது.

தணிக்கைப் பணியில் புதிதாகச் சேர்ந்தவர்களையும், தங்கள் வரிப்பணம் போன வழியைத் தாங்களே ஆராய விரும்பும் குடிமக்கள் குழுக்களையும் மனத்தில் வைத்து இந்த வழிகாட்டியை எழுதுகிறேன். படிகளை விளக்க, மருந்து வழங்கல் என்ற ஒரே எடுத்துக்காட்டையே தொடக்கம் முதல் இறுதிவரை பின்பற்றுகிறேன். பள்ளி உணவு, குடிநீர், சாலை, ஓய்வூதியம் என எந்தச் சேவையை எடுத்தாலும் இதே வழியில் நடக்கலாம்.

முதற் படி: சுதந்திரத்தை உறுதிசெய்தல்

தணிக்கைக்கு உட்படுகிறவரின் கையில் தணிக்கையாளரின் பதவியோ, ஊதியமோ, அறிக்கையின் வெளியீடோ இருந்தால், அடுத்து வரும் எந்தப் படிக்கும் மதிப்பில்லை. உலகத் தணிக்கை நிறுவனங்களின் கூட்டமைப்பான இன்டோசாய் 1953-இல் ஹவானாவில் தொடங்கப்பட்டது. அது 1977-இல் லிமா பிரகடனத்தையும், 2007-இல் மெக்சிகோ பிரகடனத்தையும் ஏற்றது. பின்னது சுதந்திரத்துக்கு 8 கொள்கைகளை வகுக்கிறது. தலைவரின் பதவிப் பாதுகாப்பு, தகவலைத் தடையின்றிப் பெறும் உரிமை, அறிக்கையில் என்ன எழுதுவது, எப்போது வெளியிடுவது என்பதைத் தானே முடிவுசெய்யும் உரிமை, பரிந்துரைகளைப் பின்தொடரும் ஏற்பாடு, நிதியிலும் நிர்வாகத்திலும் தன்னாட்சி ஆகியவை அவற்றுள் அடங்கும். 2011 டிசம்பரில் ஐ.நா. பொதுச்சபையும் இந்தச் சுதந்திரத்தை வலியுறுத்தித் தீர்மானம் நிறைவேற்றியது.

நாடுகள் இதை வெவ்வேறு விதமாகச் சட்டத்தில் அமைத்துள்ளன. அமெரிக்க அரசுப் பொறுப்புடைமை அலுவலகத்தின் தலைவர் 15 ஆண்டுகள் பதவியில் இருக்கிறார். ஆட்சி மாறினாலும் அவர் மாறுவதில்லை. இந்தியாவின் தலைமைக் கணக்குத் தணிக்கையாளரை, உச்ச நீதிமன்ற நீதிபதியை நீக்கும் அதே கடினமான முறையில்தான் நீக்க முடியும். பதவி முடிந்தபின் அவர் மத்திய அரசிலோ மாநில அரசுகளிலோ வேறு பதவி ஏற்க அரசமைப்புச் சட்டம் இடம் தருவதில்லை. நாளை கிடைக்கக்கூடிய ஒரு பதவிக்காக இன்று ஒரு பத்தியை மென்மையாக்கும் ஆசை எழக்கூடாது என்ற நோக்கம் இதில் தெளிவாகத் தெரிகிறது.

சட்டம் தரும் சுதந்திரம் ஒரு பக்கம் இருக்க, தணிக்கைக் குழுவில் ஒவ்வொருவரும் தனித்தனியாகக் காக்க வேண்டிய சுதந்திரமும் உண்டு. பணி தொடங்குமுன் குழுவினர் அனைவரும் எழுத்து மூலம் உறுதிமொழி தர வேண்டும்: ஆய்வுக்கு உட்படும் துறையில் உறவினர் இருக்கிறாரா, முன்பு அங்கே பணியாற்றியதுண்டா, அதன் ஒப்பந்ததாரருடன் பண உறவு உண்டா? சிறியதாகத் தோன்றும் ஒன்றையும் இங்கே சொல்லியாக வேண்டும். கள ஆய்வுக்குப் போகும்போது துறையின் வாகனத்தில் ஏறாதீர்கள். அவர்கள் ஏற்பாடு செய்யும் விருந்தை ஏற்காதீர்கள். வாகனம் யாருடையதோ, எந்த ஊருக்குப் போவது என்பதை அவரே முடிவு செய்துவிடுவார். குடிமக்கள் குழுவாக இருந்தால், உங்களுக்கு நிதி தருபவர் யார் என்பதை அறிக்கையின் முதல் பக்கத்திலேயே வெளிப்படையாகச் சொல்லிவிடுங்கள்.

இரண்டாம் படி: கேள்வியைக் கூர்மையாக்குதல்

தணிக்கையில் மூன்று வகைகள் உண்டு. கணக்கு அறிக்கைகள் உண்மை நிலையைக் காட்டுகின்றனவா என்று பார்ப்பது நிதித் தணிக்கை. சட்டமும் விதியும் பின்பற்றப்பட்டனவா என்று பார்ப்பது இணக்கத் தணிக்கை. செலவிட்ட பணத்துக்கு உரிய பயன் கிடைத்ததா என்று பார்ப்பது செயல்திறன் தணிக்கை. கடைசியாகச் சொன்னது சிக்கனம், திறன், பயன் என்ற மூன்று கண்கொண்டு பார்க்கிறது. நியாயமான விலைக்கு வாங்கினார்களா, வாங்கியதை வீணாக்காமல் பயன்படுத்தினார்களா, எந்த நோக்கத்துக்காக வாங்கினார்களோ அது நிறைவேறியதா?

"மருந்து வழங்கல் சரியாக நடக்கிறதா?" என்ற கேள்விக்கு எந்தச் சான்றும் விடையாகாது, ஏனெனில் "சரியாக" என்ற சொல்லுக்கு எல்லை இல்லை. அதையே, "கடந்த நிதியாண்டில், இன்றியமையாத மருந்துகள் பட்டியலில் உள்ளவை, பரிந்துரைச் சீட்டுடன் வந்த நோயாளிகளுக்கு அன்றே கிடைத்தனவா, கிடைக்காதபோது எந்தக் கட்டத்தில் தடைபட்டன?" என்று கேட்டால், எந்தப் பதிவேட்டைப் பார்ப்பது, யாரிடம் பேசுவது, எத்தனை நிலையங்களுக்குப் போவது என்பதெல்லாம் கேள்வியிலிருந்தே கிளைக்கின்றன.

ஓர் எல்லையையும் இங்கேயே வகுத்துக்கொள்ள வேண்டும். இலவசமாக மருந்து தரலாமா கூடாதா என்பது மக்கள் தேர்ந்தெடுத்தவர்கள் எடுக்க வேண்டிய கொள்கை முடிவு. பிரிட்டனின் 1983-ஆம் ஆண்டு தேசியத் தணிக்கைச் சட்டம், கொள்கை நோக்கங்களின் தகுதியைத் தணிக்கையாளர் கேள்விக்குள்ளாக்க இயலாது என்று வெளிப்படையாகவே சொல்கிறது. எடுத்த முடிவு எப்படி நிறைவேற்றப்பட்டது என்பதை மட்டும் ஆராயும்போதுதான், எந்தக் கட்சி ஆட்சியில் இருந்தாலும் உங்கள் அறிக்கைக்கு மதிப்பு இருக்கும்.

மூன்றாம் படி: அளவுகோலை முன்கூட்டியே நிறுத்துதல்

நடந்ததை எதனோடு ஒப்பிடப் போகிறீர்கள்? சட்டம், விதி, திட்ட வழிகாட்டு நெறிமுறை, கொள்முதல் ஒப்பந்தத்தின் நிபந்தனைகள், துறையே வெளியிட்ட இலக்குகள், ஏற்கப்பட்ட தொழில்முறைத் தரங்கள் ஆகியவை அளவுகோலுக்கு மூலங்களாகும். துறை தானே தந்த வாக்குறுதியைவிட வலிமையான அளவுகோல் அரிது. அதை யாரும் "எங்களுக்குப் பொருந்தாது" என்று தள்ள முடியாது.

களத்துக்குப் போகுமுன் இந்த அளவுகோல்களைத் துறைக்கு எழுத்தில் அனுப்பி, தொடக்கக் கூட்டத்தில் விவாதித்து, அதன் நடவடிக்கைக் குறிப்பில் இரு தரப்பும் கையொப்பமிட வேண்டும். பலர் இந்தப் படியைத் தாண்டிப் போகிறார்கள். பல மாதம் உழைத்து எழுதிய கண்டறிதல், "அந்த விதி எங்கள் நிலையங்களுக்கு உரியதன்று" என்ற ஒரே வரிப் பதிலில் சரிந்து விழுவதைப் பார்த்தவர்கள் பிறகு ஒருபோதும் இதைத் தவிர்ப்பதில்லை.

நான்காம் படி: பணத்தின் பாதையை வரைதல்

ஒதுக்கீடு, தேவைக் கணிப்பு, கொள்முதல், தரச் சோதனை, மையக் கிடங்கு, வட்டாரக் கிடங்கு, நிலையம், நோயாளி என்ற வழியை ஒரு தாளில் வரையுங்கள். ஒவ்வொரு கட்டத்திலும் யார் முடிவெடுக்கிறார், எந்தத் தாள் உருவாகிறது, யார் சரிபார்க்கிறார் என்று எழுதுங்கள். பிறகு ஒரேயொரு கொள்முதல் ஆணையை எடுத்து அதன் தொடக்கத்திலிருந்து இறுதிவரை கூடவே போய்ப் பாருங்கள். ஆணை இடுபவரும், சரக்கைப் பெறுபவரும், பணம் வழங்க ஒப்புதல் தருபவரும் ஒரே ஆளாக இருந்தால் அந்த இடத்தைச் சிவப்பில் குறித்துவைக்கலாம்.

ஐந்தாம் படி: மாதிரியைத் தேர்ந்தெடுத்தல்

எல்லாச் சீட்டுகளையும் பார்க்க எந்தக் குழுவுக்கும் காலம் போதாது. ஆகவே மாதிரி எடுக்கிறோம். தலைநகருக்கு அருகிலுள்ள, போய்வர எளிதான நிலையங்களை மட்டும் பார்த்துவிட்டு நாடு முழுவதற்கும் முடிவு சொல்வது பெரும் பிழை. நிலையங்களின் முழுப் பட்டியலைப் பெற்று, நகரம், கிராமம், எட்டாத் தொலைவு எனப் பிரித்து, ஒவ்வொரு பிரிவிலிருந்தும் குலுக்கல் முறையில் எடுக்க வேண்டும். எந்த விதையெண்ணைக் (குலுக்கலைத் தொடங்கக் கணினிக்குக் கொடுக்கும் எண்) கொண்டு கணினி தேர்ந்தெடுத்தது என்பதையும் பதிவு செய்தால், வேண்டுமென்றே பொறுக்கியதாக யாரும் குற்றம்சாட்ட முடியாது.

மாதிரியின் வலிமையை அறிய எளிய கணக்கு ஒன்று உண்டு. குலுக்கல் முறையில் எடுத்த சீட்டுகள் ஒன்றில்கூடப் பிழை இல்லையென்றால், 3-ஐ மாதிரியின் எண்ணிக்கையால் வகுத்து வருவதே, பிழையின் அளவுக்கு ஏறத்தாழ 95 விழுக்காடு உறுதியுடன் சொல்லக்கூடிய மேல் எல்லை. 60 சீட்டுகள் பார்த்து எல்லாம் சரியாக இருந்தால், மொத்தத்தில் பிழை 5 விழுக்காட்டைத் தாண்டாது எனலாம். 300 பார்த்தால் அந்த எல்லை 1 விழுக்காடு. மொத்தம் ஒரு லட்சம் சீட்டுகளா பத்து லட்சமா என்பது இதில் ஏறக்குறைய மாற்றம் எதையும் செய்வதில்லை என்பது பலருக்கு வியப்பாக இருக்கும். குலுக்கல் நேர்மையாக நடக்காவிட்டால் இந்தக் கணக்கு முழுவதும் பொருளிழந்துவிடும்.

ஐயத்துக்குரியவற்றைத் தேடி எடுக்கும் மாதிரி வேறு. ஒப்புதல் வரம்புக்குச் சற்றுக் கீழே நிற்கும் தொகைகள் அடுத்தடுத்து வருகின்றனவா, ஒரே நாளில் ஒரே விற்பனையாளருக்குப் பல சிறு ஆணைகள் பிரித்துப் போடப்பட்டனவா, நிதியாண்டின் கடைசி வாரத்தில் செலவு திடீரென ஏறுகிறதா என்று பாருங்கள். பெரிய தரவுத் தொகுப்பானால், இலக்கங்களின் பரவலையும் சோதிக்கலாம்: இயல்பாக உருவாகும் பல எண் தொகுப்புகளில் முதல் இலக்கமாக 1 ஏறத்தாழ 30 விழுக்காடும், 9 ஐந்து விழுக்காட்டுக்கும் குறைவாகவும் வரும் என்பதை 1881-இல் வானியலாளர் சைமன் நியூகோம்பும் 1938-இல் இயற்பியலாளர் ஃபிராங்க் பென்ஃபோர்டும் எடுத்துக்காட்டினர். அந்தப் பரவலிலிருந்து விலகுவது முறைகேட்டுக்குச் சான்றாகாது. எந்தக் கோப்பை முதலில் திறப்பது என்று காட்டுவதோடு அதன் பயன் முடிகிறது. இப்படித் தேடி எடுத்த மாதிரியில் கண்ட பிழை விகிதத்தை மொத்தத்துக்கும் பொருத்திச் சொல்லக்கூடாது.

ஆறாம் படி: களத்தில் பார்த்தல்

தணிக்கை அறிக்கையின் தரம் பெரும்பாலும் இங்கேதான் முடிவாகிறது; எனவே இதற்குக் கூடுதல் நாட்களை ஒதுக்குங்கள்.

கிடங்குக்குள் நுழைந்ததும் பதிவேட்டைக் கேட்பதற்கு முன் அலமாரிகளைச் சுற்றிப் பாருங்கள். பிறகு இரு திசையிலும் சரிபாருங்கள். பதிவேட்டிலிருந்து பத்து மருந்துகளைத் தேர்ந்து, அலமாரியில் அவை அதே எண்ணிக்கையில் இருக்கின்றனவா என்று எண்ணுவது ஒரு திசை. இது கணக்கில் மட்டும் இருக்கும் பொருளைக் காட்டிக்கொடுக்கும். அலமாரியிலிருந்து பத்து மருந்துகளைத் தேர்ந்து, அவை பதிவேட்டில் ஏறியிருக்கின்றனவா என்று பார்ப்பது மறு திசை. கணக்கில் வராமல் ஒதுக்கிவைத்த பொருளை இதுதான் காட்டும். எண்ணும்போது காப்பாளர் உடனிருக்க வேண்டும். தொகுதி எண் (ஒரே முறையில் தயாரான மருந்துகளுக்கு இடப்படும் எண்), காலாவதி நாள், எண்ணிக்கை ஆகியவற்றை எழுதி, அந்த இடத்திலேயே அவரிடம் கையொப்பம் பெறுங்கள். மறுநாள் பெறலாம் என்று விட்டால், இரவோடு இரவாக எண்ணிக்கை மாறியதா என்ற கேள்விக்கு உங்களிடம் பதில் இருக்காது.

தடுப்பூசி வைக்கும் குளிர்சாதனப் பெட்டியின் வெப்பநிலைப் பதிவேட்டைச் சற்று நிதானமாகப் புரட்டுங்கள். பெரும்பாலான தடுப்பூசிகளை 2 முதல் 8 டிகிரி செல்சியசுக்குள் வைக்க வேண்டும். வெப்பநிலையை ஒரு நாளைக்கு இருமுறை குறிப்பது வழக்கம். ஒரு மாதப் பக்கத்தில் எல்லா நாளும் 4, 4, 4 என்றே இருந்து, மையின் நிறமும் எழுத்தின் சாய்வும் முதல் கட்டத்திலிருந்து கடைசிக் கட்டம்வரை மாறாமல் ஓடினால், அது ஒரே அமர்வில் எழுதப்பட்டது என்ற ஐயம் வர வேண்டும். மின்தடை நாட்களின் குறிப்பைப் பெற்று அருகில் வைத்துப் பாருங்கள். இன்று 18-ஆம் தேதி என்றிருக்க, 20-ஆம் தேதிவரை வெப்பநிலை எழுதப்பட்டிருந்தால் ஐயத்துக்கும் இடமில்லை. அந்தப் பக்கத்தை, நாளும் நேரமும் தெரியும்படி, உடனே படமெடுத்துவிடுங்கள். இதைக் கண்டதும் ஊழியரைக் கடிந்துகொள்ளாதீர்கள். ஒருவரே மூவரின் வேலையைப் பார்க்கும் நிலையமாகவும் அது இருக்கக்கூடும். காரணத்தை ஆராயும்போது அதுவே உங்கள் முக்கியமான கண்டறிதலாக மாறலாம்.

நோயாளிகளிடம் பேசும்போது நிலைய ஊழியர் அருகில் இருக்கக்கூடாது. "மருந்து கிடைக்கவில்லைதானே?" என்று விடையைக் கையில் கொடுத்துக் கேட்காமல், "கடைசியாக வந்த அன்று என்ன நடந்தது என்று சொல்லுங்கள்" என்று தொடங்கிக் கேளுங்கள். பரிந்துரைச் சீட்டையும், கையில் உள்ள மருந்தையும் காட்டச் சொல்லி ஒப்பிட்டுக் கொள்ளுங்கள். பெயரை அறிக்கையில் எழுத வேண்டியதில்லை. சொன்னதற்காக ஒருவருக்கும் அடுத்த முறை சேவை மறுக்கப்படக்கூடாது என்பது தணிக்கையாளரின் கடமைகளில் ஒன்று.

நீங்களே நேரில் எண்ணியது, வெளியார் நேரடியாக அனுப்பிய உறுதிப்பாடு, துறையின் மூலப் பதிவேடு, அதன் நகல், வாய்மொழி விளக்கம் என்ற வரிசையில் பொதுவாகச் சான்றின் நம்பகம் இறங்கிக்கொண்டே போகும். ஒரு முடிவுக்கு வாய்மொழி மட்டுமே ஆதாரமாக இருந்தால், அந்த முடிவை எழுதாமல் இன்னும் தேட வேண்டும்.

ஏழாம் படி: கண்டறிதலை எழுதுதல்

முழுமையான கண்டறிதலில் நான்கு பகுதிகள் இருக்கும்: எப்படி இருந்திருக்க வேண்டும், எப்படி இருந்தது, ஏன் அப்படி ஆனது, அதனால் என்ன நேர்ந்தது. "கிடங்கு மேலாண்மையில் கடும் குறைபாடுகள் காணப்பட்டன" என்ற வரியில் இந்த நான்கில் ஒன்றுகூட இல்லை. கற்பனை எண்களோடு அதைத் திருத்தி எழுதினால் இப்படி இருக்கும்: "விரைவில் காலாவதியாகும் தொகுதியை முதலில் வழங்க வேண்டும் என்று கிடங்கு நெறிமுறை கூறுகிறது. ஆய்வு செய்த 30 நிலையங்களில் 11-இல், பழைய தொகுதி அலமாரியில் இருக்கும்போதே புதிய தொகுதி வழங்கப்பட்டிருந்தது. இருப்பு அட்டையில் காலாவதி நாளைக் குறிக்கும் கட்டமே இல்லாததும், மருந்தாளுநர் பணியிடங்கள் நிரப்பப்படாததும் இதற்குக் காரணங்கள். இதனால் 4,200 மாத்திரைகள் காலாவதியாகி அழிக்கப்பட்டன. அதே மாதங்களில் இந்த 11 நிலையங்களில் 6-இல் அந்த மருந்து இருப்பில் இல்லை என்று நோயாளிகள் திருப்பி அனுப்பப்பட்டனர்."

நான்கிலும் கடினமானது காரணம். ஊழியரின் கவனக்குறைவு என்று எழுதிவிடுவது எளிது. கவனக்குறைவு பதினோரு இடங்களில் ஒரே விதமாக நேர்ந்தால், படிவத்திலோ, பயிற்சியிலோ, ஆள்பலத்திலோ, நிதி வந்த காலத்திலோ ஏதோ ஒரு பொதுக் காரணம் இருக்கிறது என்று பொருள். "ஏன்" என்ற கேள்வியை விடாமல் கேட்டுக்கொண்டே போய், முடிவெடுக்கும் அதிகாரம் உள்ள ஒருவரின் மேசையை எட்டும்போதுதான் காரணம் கிடைத்தது எனலாம்.

எழுதிய ஒவ்வொரு வாக்கியத்தின் ஓரத்திலும் அதற்கான பணித்தாளின் (சான்றைப் பதிவுசெய்து வைத்த தாள்) எண்ணைக் குறிக்க வேண்டும். பிறகு, இந்தப் பணியில் பங்குபெறாத ஒருவர் அறிக்கையை வரிவரியாகப் படித்து, எண்ணைப் பிடித்துப் போய்ச் சான்றைப் பார்த்து, பொருந்தாததை அடிக்க வேண்டும். சலிப்பூட்டும் வேலைதான், ஆயினும் ஒரே ஒரு தவறான எண் அகப்பட்டால் அறிக்கை முழுவதையும் தூக்கி எறியக் காத்திருப்பவர்கள் எப்போதும் இருப்பார்கள்.

எட்டாம் படி: துறையின் பதிலைக் கேட்டல்

வரைவைத் துறைக்கு அனுப்பிப் பதிலளிக்க நியாயமான காலம் தருவது, தணிக்கையின் நேர்மைக்கு அடிப்படை. வரும் பதிலில் புதிய சான்று இருந்தால், தயங்காமல் கண்டறிதலைத் திருத்துங்கள் அல்லது நீக்குங்கள். புதிய சான்று இல்லாமல் வருத்தமும் வாக்குறுதியும் மட்டும் இருந்தால், அந்தப் பதிலை அப்படியே அறிக்கையில் சேர்த்து, ஏன் ஏற்கவில்லை என்பதை அதன் கீழே எழுதுங்கள். நேரில் அழைத்து, "இந்தப் பத்தியைக் கொஞ்சம் மாற்றிப் போடக்கூடாதா" என்று கேட்பவர்களிடம், அந்த வேண்டுகோளை எழுத்தில் தரச் சொல்வதே போதுமானது. அநேகமாக அது வந்து சேராது.

ஒன்பதாம் படி: பரிந்துரையும் வெளியீடும்

"நடவடிக்கை எடுக்கலாம்" என்று முடியும் பரிந்துரையால் எவருக்கும் வேலை உண்டாவதில்லை. யார், எதை, எந்த நாளுக்குள் செய்ய வேண்டும், செய்ததை எதைக் கொண்டு அறியலாம் என்பவை இருக்க வேண்டும். காரணத்தைத் தொடாத பரிந்துரையை எழுதவே வேண்டாம். அறிக்கைக்கு இரண்டு பக்கச் சுருக்கம் ஒன்றை, துறைச் சொற்களைத் தவிர்த்து, சேவையைப் பெறும் மக்கள் படித்துப் புரிந்துகொள்ளும் நடையில் எழுதி, அவர்கள் பேசும் மொழியிலேயே வெளியிடுங்கள்.

பத்தாம் படி: பின்தொடர்தல்

பெரும்பாலான நாடுகளில் தணிக்கையாளருக்குத் தண்டிக்கும் அதிகாரம் கிடையாது. அறிக்கை நாடாளுமன்றத்துக்குப் போய், அங்கே பொதுக் கணக்குக் குழு அதிகாரிகளை அழைத்துக் கேட்கும்போதே அதற்கு வலு வருகிறது. பிரிட்டனில் இத்தகைய குழு 1861-இல் அமைந்தது. ஐந்தாண்டு கழித்து, 1866-ஆம் ஆண்டுச் சட்டம் கணக்குகளை ஆராய்ந்து நாடாளுமன்றத்துக்கு அறிக்கை தரும் தலைமைத் தணிக்கையாளர் பதவியை உருவாக்கியது. இந்தியாவில் 1967 முதல் எதிர்க்கட்சி உறுப்பினர் ஒருவரே இக்குழுவுக்குத் தலைமை தாங்குகிறார். தென்னாப்பிரிக்கா இன்னும் ஒரு படி மேலே போனது: அங்கே 2018-இல் செய்த சட்டத் திருத்தத்தின்படி, பெரும் முறைகேட்டைச் சரிசெய்யத் தவறும் பொறுப்பதிகாரிக்கு எதிராக, அரசுக்கு நேர்ந்த இழப்பை அவரிடமிருந்தே வசூலிப்பதற்கான கடன் சான்றிதழைத் தலைமைத் தணிக்கையாளர் பிறப்பிக்கலாம்.

குடிமக்களுக்கும் இதில் இடம் உண்டு. இந்தியாவின் 2005-ஆம் ஆண்டு ஊரக வேலை உறுதிச் சட்டம் தன் 17-ஆம் பிரிவில் கிராம சபை வழியாகச் சமூகத் தணிக்கை செய்ய வழிவகுத்தது. பிலிப்பைன்ஸ் தணிக்கை ஆணையம் 2012-இல் குடிமக்களைத் தன் தணிக்கைக் குழுக்களிலேயே சேர்த்துக்கொள்ளத் தொடங்கியது. மக்கள் கூடிய இடத்தில் பயனாளிகள் பட்டியலை உரக்க வாசிக்கும்போது, "அவர் இறந்து மூன்று ஆண்டு ஆகிறதே" என்று எழும் ஒரு குரல், அலுவலகத்தில் அமர்ந்து பார்க்கும் பல நாள் ஆய்வுக்கு எட்டாத ஒன்றை வெளியே கொண்டுவந்துவிடும்.

பின்தொடர்வதற்கென ஓர் அட்டவணையை வைத்துக்கொள்ளுங்கள்: பரிந்துரை, பொறுப்பாளர், கெடு, இன்றைய நிலை. "நிறைவேற்றப்பட்டது" என்று துறையிலிருந்து கடிதம் வந்தவுடன் அந்த வரியை மூடிவிடாதீர்கள். ஓராண்டு கழித்து, முன்னறிவிப்பு இன்றி, அதே 11 நிலையங்களுக்குச் செல்லுங்கள். இருப்பு அட்டையில் காலாவதி நாளுக்கான கட்டம் சேர்ந்திருக்கிறதா, அது நிரப்பப்படுகிறதா, மருந்தாளுநர் இருக்கை நிரம்பியிருக்கிறதா என்று பாருங்கள். அலமாரியின் முன்வரிசையில் இருக்கும் தொகுதியின் நாளைக் குறித்துக்கொண்டு, வெளியே சாளரத்துக்கு வந்து, வரிசையில் கடைசியாக நிற்பவர் மருந்தோடு போகும்வரை நின்று பாருங்கள்.